வெயிலுக்கு ஒரு கணக்குப்பிள்ளை!

திருச்சியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வரலாம். வெயிலுக்கு மட்டும் பஞ்சம் வராது.

சித்திரை, வைகாசி மாதங்களில் மலைக்கோட்டைப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. ஸ்ரீரங்கத்து மொட்டை மாடியில் காலையில் பிழிந்த வடாம் மாலைக்குள் கலகலவென்று காய்ந்துவிடும். காவிரி மணலோ, கடலை வறுக்கும் சட்டி மணல்போலக் கொதிக்கும்.

இந்த வெயிலில் இருந்து மின்சாரம் எடுக்கலாம். எடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். திருச்சி மாநகராட்சியே பஞ்சப்பூரில் 2.4 மெகாவாட் சக்தி உள்ள சூரிய மின்சார நிலையம் அமைத்தது. வீட்டு மாடிகளிலும் கறுப்புப் பலகைகள் மின்னுகின்றன.

அப்படியானால் மின்சாரக் கவலை தீர்ந்துவிட்டதா?

தீரவில்லை!

பகல் 12 மணிக்கு மின்சாரம் கொட்டிக் கிடக்கிறது. இரவு 7 மணிக்கு இழுபறி. பகலில் வெயில் இருக்கிறது; வீட்டில் ஆள் இல்லை. இரவில் எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள், வெயில் இல்லை.

இந்த இரண்டையும் கணக்குப் பார்த்துச் சேர்த்துவைக்க ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும். அந்தக் கணக்குப்பிள்ளைதான் கம்ப்யூட்டர்.

அது மின்சார ஆபீசுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்திருந்தால் போதாது. தெருமுனையில் உள்ள தண்ணீர்த் தொட்டிக்கும், வயலில் உள்ள மோட்டாருக்கும் அதைக் கொண்டுவர வேண்டும். அதனால் வரும் லாபம் முதலில் ஏழை வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும்.

ஏன் என்று பார்க்கலாம்.

பந்திச் சோறு

நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம். தண்ணீரை மேட்டூர் அணையில் தேக்கி வைக்கலாம். வேண்டும்போது திறந்துவிடலாம்.

மின்சாரம் அப்படி அல்ல. அது கல்யாணப் பந்திச் சோறு. இலையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களோ, அத்தனை பேருக்கும் அந்த நொடியே பரிமாற வேண்டும். குறைந்தாலும் ஆபத்து. கூடினாலும் ஆபத்து!

குறைந்தால் ஆபத்து, சரி. கூடினால் என்ன ஆபத்து?

அனல் மின்சார நிலையத்தில் நீராவி ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. (அந்த நீராவியைத் தரும் கொதிகலன்களைத் திருவெறும்பூர் ‘பெல்’ தொழிற்சாலை 1965-ம் ஆண்டு முதல் செய்துவருகிறது.) சக்கரம் நிமிடத்துக்கு 3 ஆயிரம் சுற்றுச் சுற்றும். அப்போது கம்பியில் ஓடும் மின்சாரம் நொடிக்கு 50 முறை துடிக்கும்.

இந்த 50 தான் முக்கியம். இது மின்சாரத்தின் நாடித் துடிப்பு.

மாட்டு வண்டியை எண்ணிப் பாருங்கள். ஏற்றத்தில் வண்டி தளர்கிறது. இறக்கத்தில் தறிகெட்டு ஓடுகிறது. மின்சாரச் செலவு திடீரென்று கூடினால், சக்கரம் தளர்ந்து நாடி 50-க்குக் கீழே இறங்கும். செலவு திடீரென்று குறைந்தால், சக்கரம் வேகம் பிடித்து நாடி 50-க்கு மேலே ஏறும்.

நாடி மிகவும் இறங்கினால், சில கருவிகள் யாரையும் கேட்காமல் சில ஊர்களின் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சிலரை இருட்டில் விட்டு, மற்றவர்களைக் காப்பாற்றும் ஏற்பாடு அது.

அந்த ஏற்பாடும் தவறினால்?

இருண்டது பாதி நாடு!

2012-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி. நள்ளிரவு தாண்டி 2½ மணி. டெல்லி உள்பட வட இந்தியா முழுவதும் விளக்குகள் அணைந்தன.

பாடுபட்டுச் சரி செய்தார்கள். மறுநாள் பகல் 1 மணிக்கு மறுபடியும் அணைந்தது! இந்தத் தடவை வடக்கு மட்டும் அல்ல. கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து அணைந்தன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி அது. ரெயில்கள் நடுவழியில் நின்றன. மேற்கு வங்காளத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

தமிழ்நாடு தப்பியது. காரணம், தெற்கு அப்போது தனி வலையாக இருந்தது. 2013-ம் ஆண்டு டிசம்பர் 31-ந்தேதி கர்நாடகத்தில் உள்ள ராய்ச்சூருக்கும், மராட்டியத்தில் உள்ள சோலாப்பூருக்கும் இடையே பெரிய மின்சாரப் பாதை இணைக்கப்பட்டது. அன்று முதல் இந்தியா முழுவதும் ஒரே வலை.

இதனால் லாபம் உண்டு. இங்கே மிஞ்சியதை வடக்கே அனுப்பலாம். அங்கே மிஞ்சியதை இங்கே வாங்கலாம். ஆனால், ஒரே கூட்டுக்குடும்பம் ஆகிவிட்டபடியால், ஓர் அறையில் பிடித்த தீ எல்லா அறைக்கும் பரவலாம். கணக்கு முன்பைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

“வெயில் நிறைய இருக்கும் நாட்டில் இந்தக் கவலை எதற்கு?” என்று கேட்கலாம்.

ஸ்பெயின் தேசத்தைப் பாருங்கள். அங்கே சூரிய மின்சாரம் ஏராளம். 2025-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந்தேதி, பகல் 12 மணி 33 நிமிடம். நல்ல வெயில். ஸ்பெயினும் பக்கத்து நாடான போர்ச்சுகலும் சில நொடிகளில் மின்சாரம் இழந்தன! ஓல்டேஜ் கட்டுக்கு அடங்காமல் ஏறியது. அதைத் தாங்காமல் மின்சார நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டன.

கொட்டிக் கிடந்தால் மட்டும் போதாது. கட்டி ஆளத் தெரிய வேண்டும்.

அம்மியும் பறக்கும், ஆலையும் சுற்றும்

தமிழ்நாட்டுக்கு வெயில் மட்டும் அல்ல, காற்றும் ஒரு சொத்து.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. ஆடிப் பெருக்கு அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் பெண்கள் காவிரிக்குப் பூப்போட்டுக் கும்பிடுகிறார்கள். அதே சமயத்தில் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று சீறிப் பாய்கிறது. முப்பந்தலில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் சுழல்கின்றன. செங்கோட்டை, கம்பம், பாலக்காட்டுக் கணவாய்களிலும் இதே காட்சிதான்.

1986-ம் ஆண்டு தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சில காற்றாலைகளோடு தொடங்கிய வேலை இது. இன்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்த சக்தி 10 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

ஆனால், காற்றுக்கு எஜமானர் கிடையாது. நினைத்தால் வீசும். நினைத்தால் ஓயும்.

2008-ம் ஆண்டு முதல் 2014 வரை தமிழ்நாடு பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கையில் விசிறியோடு திண்ணையில் உட்கார்ந்து, “எப்போது வரும்?” என்று தெரு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளைகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தார்கள். பட்டறைகளும் மில்களும் முடங்கின.

இதில் ஒரு வேடிக்கை! மின்வெட்டு இருந்த ஆண்டுகளிலேயே, காற்று பலமாக வீசிய சில நேரங்களில் காற்றாலைகளை நிறுத்தச் சொன்னதும் நடந்தது. பசித்தவன் வாசலில் நிற்க, உலையில் இருந்த சோற்றைக் கீழே கொட்டிய கதை!

ஏன் இப்படி?

கொண்டுபோகப் போதுமான கம்பிப் பாதை இல்லை. அது ஒரு காரணம். காற்று எப்போது வரும், எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரியவில்லை. அது இன்னொரு காரணம். நிலக்கரி நிலையத்தை ஸ்டவ் அடுப்பைப்போல நினைத்தவுடன் அணைத்து, நினைத்தவுடன் பற்றவைக்க முடியாது. முழுக்க நிறுத்திவிட்டால், மீண்டும் முழு வேகம் பிடிக்கப் பல மணி நேரம் ஆகும். முதல் நாளே தெரிந்தால்தான் அடக்கி வைக்கலாம்.

கம்ப்யூட்டர் சொல்லும் ஜோசியம்

இங்கேதான் கம்ப்யூட்டர் வந்தது.

சென்னை பள்ளிக்கரணையில் தேசியக் காற்று சக்தி நிறுவனம் இருக்கிறது. 2015-ம் ஆண்டு முதல் அது தமிழ்நாட்டுக் காற்றாலைகளுக்கு “நாளைக்கு இவ்வளவு மின்சாரம் வரும்” என்று கணித்துச் சொல்கிறது. வானிலைக் கணக்கு, பழைய ஆண்டுகளின் அனுபவம், இன்று காற்றாலையில் இருந்து வரும் மின்சாரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் போடுகிறார்கள். கம்ப்யூட்டர் கூட்டிக் கழித்துப் பலன் சொல்கிறது.

சூரியனுக்கும் இதே மாதிரி உண்டு. செயற்கைக்கோள் மேலே இருந்து மேகத்தைப் படம் பிடிக்கிறது. மேகம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, “இந்த ஊர்ப் பலகைகளில் இன்னும் அரை மணியில் மின்சாரம் குறையும்” என்று சொல்லிவிடலாம்.

மின்சாரக் கணக்கில் ஒரு நாளைக்கு 24 மணி அல்ல. 96 துண்டுகள்! 15 நிமிடத்துக்கு ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் யார் எவ்வளவு தருவார்கள், யார் எவ்வளவு எடுப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள். சொன்னதற்கும் நடந்ததற்கும் வித்தியாசம் அதிகமானால் பணம் கட்ட வேண்டும். 2020-ம் ஆண்டில் காற்று, சூரிய மின்சாரத்தைக் கவனிப்பதற்கு என்றே நாட்டின் பல இடங்களில் தனி நிலையங்கள் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று சென்னையில் உள்ளது.

கைக் கணக்கில் இது நடக்குமா? நடக்கவே நடக்காது.

பாதிக் கணக்குதான் தெரியும்

ஆனால், இது பாதிக் கணக்குதான். வருகிற மின்சாரம் தெரிகிறது. போகிற மின்சாரம்?

பெரும்பாலான வீடுகளுக்கு 2 மாதத்துக்கு ஒருமுறை ஓர் ஊழியர் வருகிறார். மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போகிறார். 60 நாளில் எத்தனை யூனிட் என்று தெரியும். எந்த நாளில், எந்த மணியில் என்று தெரியாது.

2 மாதத்துக்கு ஒருமுறை மட்டும் சரக்கை எண்ணிப் பார்க்கும் மளிகைக் கடை உருப்படுமா?

நேரப்படி கணக்குச் சொல்லும் ‘ஸ்மார்ட் மீட்டர்’ வந்திருக்கிறது. சென்னை தியாகராயநகரில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் பரீட்சார்த்தமாக வைத்துப் பார்த்தார்கள்.

2024-ம் ஆண்டு மே 2-ந்தேதி தமிழ்நாட்டின் மின்சாரத் தேவை 20 ஆயிரத்து 830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை இல்லாத உச்சம்! அந்தக் கோடையில், நண்பகலில் சூரிய மின்சாரம் மட்டும் 5 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிய நாட்களும் உண்டு. சூரியன் சாய்ந்ததும் அத்தனையும் 2, 3 மணி நேரத்தில் பூஜ்யம் ஆகிவிடும். அந்த இடத்தை நிலக்கரி, நீர் மின்சாரம், வெளியில் வாங்கும் விலை உயர்ந்த மின்சாரம் ஆகியவை நிரப்ப வேண்டும்.

பகலில் மிஞ்சியதை எளிதாக மாலைக்குத் தள்ள முடியாது. ஆனால், மாலையில் செய்யும் வேலையைப் பகலுக்குத் தள்ளலாம் அல்லவா?

எல்லா வேலையையும் தள்ள முடியாது. பிள்ளை படிக்கும் விளக்கு காத்திருக்காது. தொட்டிலுக்கு மேலே சுற்றும் விசிறி காத்திருக்காது. ஆஸ்பத்திரி காத்திருக்காது. மாவு மில் காத்திருக்கும். தண்ணீர் மோட்டார் காத்திருக்கும்.

காத்திருக்கக் கூடியது பகலுக்குப் போகட்டும். காத்திருக்க முடியாததற்கு மாலையை விட்டுவிடட்டும். கணக்கு இவ்வளவுதான்!

தண்ணீர்த் தொட்டியே பாட்டரி!

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். இந்த இரண்டு ஆற்றுப் படுகையிலும் பெரிய கிணறுகள் இருக்கின்றன. அவற்றில் இருந்துதான் திருச்சி நகரின் பல பகுதிகளுக்குக் குடிதண்ணீர் போகிறது. தண்ணீர் தானாக மேலே ஏறுமா? மோட்டார் வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும்.

ஒரு சிறிய கணக்கு. 10 லட்சம் லிட்டர் தண்ணீரை 100 அடி உயரத்துக்கு ஏற்ற, மோட்டாரில் வீணாவதையும் சேர்த்துச் சுமார் 140 யூனிட் செலவாகும். ஒரு சிறிய குடும்பம் 2 மாதத்துக்குச் செலவழிக்கும் மின்சாரம் அது.

இதை மாலை 7 மணிக்கு ஏற்றினால், ஊரே விளக்குப் போடும் நேரத்தில் ஊரோடு போட்டி. நண்பகலில் ஏற்றினால், வெயில் தந்த மின்சாரம். தண்ணீர் தொட்டிக்குள் பத்திரமாக இருக்கும். மாலையில் குழாயைத் திறந்தால் தானாக இறங்கி வரும்.

மின்சாரத்தைச் சேமிக்க முடியாது என்றார்களே? தண்ணீராகச் சேமித்தாகிவிட்டது!

இது புதிய யோசனை அல்ல. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஒன்று 1980-களின் கடைசியில் இருந்து இதைத்தான் செய்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணையில் உள்ள தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுகிறது. தட்டுப்பாடு வரும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறது. மலையில் செய்வதைத் தெருத் தொட்டியிலும் ஓரளவு செய்யலாம். மலைத் தொட்டி மின்சாரத்தைத் திருப்பித் தரும். தெருத் தொட்டி, மாலையில் மின்சாரம் கேட்காமல் இருக்கும். அதுவே லாபம்தான்.

பஞ்சப்பூர் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவாட் பலகை நல்ல வெயிலில் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2.4 மெகாவாட் என்றால் நாளைக்கு ஏறக்குறைய 9 ஆயிரத்து 600 யூனிட். மேலே சொன்ன கணக்குப்படி பார்த்தால், பெரிய தொட்டிகள் பலவற்றைப் பல தடவை நிரப்பலாம்.

இன்னும் ஒரு சங்கதி. திருச்சி அருகே காவிரியில் எடுக்கும் குடிதண்ணீர், குழாய் வழியாக ராமநாதபுரம் மாவட்டம் வரை போகிறது. அந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள கமுதியில் 2016-ம் ஆண்டு 648 மெகாவாட் சூரிய மின்சார நிலையம் அமைந்தது. ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப்பெரிய நிலையங்களில் ஒன்று என்று அப்போது பேசப்பட்டது. காவிரி ராமநாதபுரத்தின் தாகத்தைத் தீர்க்கிறது. ராமநாதபுரத்து வெயில் தமிழ்நாட்டின் மின்வலைக்குள் வருகிறது. ஊருக்கு ஊர் கொடுக்கல் வாங்கல்!

எல்லா மோட்டாரையும் பகலுக்கு மாற்ற முடியாது. சில ஊர்களில் தொட்டி சிறியது. சில பாதைகளில் இரவும் பகலும் ஏற்றினால்தான் தண்ணீர் போதும். இருக்கட்டும். எந்தத் தொட்டி எவ்வளவு நேரம் தாங்கும், எந்த மோட்டாரை எப்போது நிறுத்தலாம் என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கட்டும். பாதி மோட்டார் மாறினாலும் பாதி லாபம்தானே?

பாம்புக்கு நடுவே பாய்ச்சல்

அடுத்தது விவசாயி.

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் அதிகமான பம்புசெட்டுகள் இலவச மின்சாரத்தில் ஓடுகின்றன. லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, தொட்டியம் பக்கம் போனால் வாழையும் நெல்லும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தெரியும். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். அது இரவில் வரும் இடங்களில் விவசாயி இரவில்தான் வயலுக்குப் போக வேண்டும்.

“இருட்டுலே போகாதீங்க. வரப்புலே பூச்சி பொட்டு கிடக்கும்” என்கிறாள் மனைவி.

“போகலேன்னா வாழை காஞ்சிடும். கதவைச் சாத்திக்கிட்டுப் படு” என்று சொல்லிவிட்டு, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார் கணவர். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுகிறார். பாம்பு ஒரு பக்கம். ஷாக் ஒரு பக்கம்.

குஜராத் மாநிலத்தில் 2020-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு திட்டம் தொடங்கினார்கள். விவசாயத்துக்குப் பகலில் மின்சாரம் என்பதே அந்தத் திட்டம். வெயில் காயும்போதே தண்ணீர் பாயட்டும் என்ற யோசனை அது.

தமிழ்நாட்டு விவசாயி இதற்கு எப்போதோ தயார். வீட்டில் இருந்தபடியே செல்போனில் மோட்டாரைப் போடும் ஸ்டார்ட்டர்கள் பல தோட்டங்களில் வந்துவிட்டன. அவரிடம் கருவி இருக்கிறது. தகவல்தான் இல்லை. “நாளை காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மும்முனை மின்சாரம் வரும்” என்று முதல் நாள் மாலையே நல்ல தமிழில் ஒரு செய்தி போனால் போதும். வெயில் எவ்வளவு வரும் என்று சென்னைக் கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது. அதைத் தொட்டியத்து விவசாயிக்குச் சொல்ல என்ன தடை?

ஸ்டோர் வீட்டுக் குடித்தனம்

நல்ல யோசனைக்குள்ளும் ஒரு முள் இருக்கும். அதையும் பார்க்க வேண்டும்.

மத்திய அரசாங்கம் 2023-ம் ஆண்டு மின்சார விதிகளைத் திருத்தியது. வெயில் நேரத்தில் கட்டணம் குறைவு. உச்ச நேரத்தில் கட்டணம் அதிகம் என்பது அதன் சாரம். ஸ்மார்ட் மீட்டர் வைத்த வீட்டுக்கும் இது வரலாம். தமிழ்நாட்டில் இன்று வீட்டுக் கட்டணத்தில் பகல், இரவு வித்தியாசம் இல்லை.

பகலில் குறைப்பது நல்லது. மாலையில் கூட்டுவது யாரைக் கடிக்கும்?

ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் ‘ஸ்டோர்’ வீடுகள் உண்டு. ஒரே வாசலுக்குள் 6 குடித்தனம், 8 குடித்தனம். பகலில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம். மாலை 6 மணிக்கு மேல்தான் விளக்கு, விசிறி, மிக்சி எல்லாம். இவர்கள் எதைப் பகலுக்குத் தள்ளுவார்கள்?

சொந்த வீடும் மாடியும் உள்ளவர்கள் பலகை வைக்கலாம். 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசாங்கத் திட்டத்தில், 3 கிலோவாட் பலகை வைப்பவருக்கு ரூ.78 ஆயிரம் மானியம். நல்ல திட்டம்தான். ஆனால், வாடகைக் குடித்தனக்காரருக்கு மாடி ஏது? மானியமும் இல்லை, மாலைக் கட்டணமும் அதிகம் என்றால், வெயிலின் லாபம் மாடி வீட்டுக்கு, பாரம் ஸ்டோர் வீட்டுக்கு என்று ஆகிவிடும். இது நியாயம் ஆகாது.

எனவே பகலில் குறையுங்கள்; ஏழை வீட்டு மாலை விளக்கில் கை வைக்காதீர்கள்! முதலில் மாறவேண்டியது பெரிய மோட்டார்களும் பெரிய ஆலைகளும். அங்கேயும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 2022-ம் ஆண்டு வந்த தமிழ்நாட்டுக் கட்டண உத்தரவில்கூட, பெரிய தொழிற்சாலைகளுக்கு இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரைதான் 5 சதவீதம் தள்ளுபடி. நிலக்கரியே பிரதானமாக இருந்த காலத்தில் நள்ளிரவில் மின்சாரம் மிஞ்சியது. தள்ளுபடி பொருத்தம். இப்போது மிஞ்சுவது நண்பகலில்! தள்ளுபடியும் அங்கே நகர வேண்டாமா?

மவுஸ் தானாக நகர்ந்தது!

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடலாமா? கூடாது.

2015-ம் ஆண்டு டிசம்பர் 23-ந்தேதி. உக்ரைன் தேசத்தில் ஒரு மின்சார ஆபீஸ். ஊழியர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார். திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்கிறது! அவர் தொடவே இல்லை. ஒவ்வொரு சுவிட்சாகத் திறக்கிறது. எங்கோ இருந்த திருடர்கள் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டார்கள். சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம் இணைப்புகள் இருண்டன. நடுங்கும் குளிர்காலம்.

எப்படி மீண்டார்கள்? ஊழியர்கள் வண்டி ஏறித் துணை மின்நிலையங்களுக்கு ஓடினார்கள். கையால் சுவிட்சைப் போட்டார்கள். சில மணி நேரத்தில் விளக்கு எரிந்தது.

அது அயல்நாட்டுக் கதை என்று இருந்துவிட முடியாது. 2019-ம் ஆண்டு கூடங்குளம் அணு மின்நிலையத்தின் நிர்வாகக் கம்ப்யூட்டர் ஒன்றில் களவு நிரல் புகுந்ததை அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். உலையை இயக்கும் கம்ப்யூட்டர்கள் தனியாக இருந்ததால் அவற்றுக்கு ஆபத்து வரவில்லை.

பாடம் என்ன? கணக்குப்பிள்ளை கணக்குப் பார்க்கட்டும். பெட்டிச் சாவி மனிதன் கையில் இருக்கட்டும். மழையிலும் புயலிலும் கம்பம் ஏறும் லைன்மேன் வேண்டும். கையால் போடும் சுவிட்ச் வேண்டும். கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று ஆளைக் குறைத்தால், மவுஸ் தானாக நகரும் நாளில் வண்டி ஏறி ஓட ஆள் இருக்காது.

என்ன செய்ய வேண்டும்?

திருச்சியும் ஸ்ரீரங்கமும் இதற்கு நல்ல சோதனைக்களம். ஆறு இருக்கிறது, வெயில் இருக்கிறது, தொட்டி இருக்கிறது. கொதிகலன் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. 1964-ம் ஆண்டு தொடங்கிய பொறியியல் கல்லூரி, இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாகத் துவாக்குடியில் நிற்கிறது. படித்த பிள்ளைகளுக்கும் பஞ்சம் இல்லை.

முதலாவது: மாநகராட்சித் தண்ணீர் மோட்டார்களை வெயில் கணக்கோடு இணைக்க வேண்டும். எவ்வளவு மிச்சம் என்று மாதா மாதம் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது: விவசாயிக்குப் பகல் மின்சாரம். முதல் நாளே தமிழில் தகவல்.

மூன்றாவது: ஸ்மார்ட் மீட்டர் ஆபீசுக்கு மட்டும் பேசக்கூடாது. வீட்டுக்காரிக்கும் பேச வேண்டும். “இன்று இத்தனை யூனிட், இத்தனை ரூபாய்” என்று அவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். அந்தக் கணக்கு அவர் குடும்பத்தின் சொத்து. வீட்டில் எப்போது விளக்கு எரிகிறது, எப்போது ஆள் இல்லை என்பதை அது காட்டிக் கொடுக்கும். பிறர் கைக்குப் போகாமல் அதைக் காப்பது மின்வாரியத்தின் பொறுப்பு.

நான்காவது: ஏழை வீட்டு மாலை விளக்கின் கட்டணம் இதனால் ஒரு காசுகூட ஏறக்கூடாது.

திருச்சிக்குக் கிழக்கே கல்லணை நிற்கிறது. கரிகால் சோழன் கட்டியது என்று நாடு போற்றும் அணை அது. வெள்ளம் வந்தால் கொள்ளிடத்துக்கு. தேவைக்குக் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் என்று தண்ணீர் அங்கே பிரிகிறது. ஆறு தந்ததை அளந்து பங்கிட்டதால்தான் தஞ்சைத் தரணி நெற்களஞ்சியம் ஆயிற்று.

சூரியனும் அள்ளித்தான் தருகிறது. அளந்து பங்கிடும் அறிவு மனிதனுடையது. அந்தப் பங்கீடு ஒழுங்காக நடந்தால், ஸ்டோர் வீட்டுப் பிள்ளை மாலை 7 மணிக்குப் பாடப் புத்தகத்தைத் திறக்கும்போது விளக்கு அணையாது.